பல்லைப் பிடுங்கியாச்சு... பல்செட் அறுவடைக்குப் பிறகா? அதற்குள் தாடையில் என்ன நடக்கிறது?

டெல்டாவில் வீட்டுச் செலவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. சம்பா அறுத்து, நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் முதலில் அடகு நகை. பிறகு உரக்கடை பாக்கி. அதன் பின்னால் மாசி, பங்குனியில் வரிசைகட்டும் கல்யாணம், காதுகுத்து, மொய். இவ்வளவும் போக மிச்சமிருந்தால்தான் அம்மாவின் பல்செட். மிச்சம் இருக்காது. "அடுத்த வெள்ளாமைக்குப் பார்த்துக்கலாம்ப்பா, இப்ப என்ன அவசரம்" என்று அம்மாவே சொல்லிவிடுவார்.

அப்படிச் சொல்வதும் எளிதுதான். வலி போய்விட்டதே! சொத்தைப் பல் பாடாய்ப் படுத்தியபோது பஸ் பிடித்து டவுனுக்கு ஓடியவர்கள், பிடுங்கிய பிறகு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. ரசஞ்சோற்றைக் குழைத்துக்கொண்டால் இறங்கிவிடுகிறது. கீரை மசியல் இறங்கிவிடுகிறது. கொத்தவரங்காய், சுண்டல், கறி, வேர்க்கடலை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து காணாமல் போவதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. சாப்பாடு சோறும் குழம்புமாகச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு இதைவிட மோசமான மாற்றம் வேறில்லை.

`பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள். சொல் மட்டுமல்ல, அடியில் இருக்கும் எலும்பும் போகிறது. பல்செட்டைத் தள்ளிப்போடுபவர்களுக்குத் தெரியாமல் போவது இந்த விஷயம்தான்.

எலும்பு வெள்ளாமைக்குக் காத்திருக்காது

பல், ஈறில் நட்டுவைத்த கல் அல்ல. தாடை எலும்புக்குள் வேர் இறங்கி நிற்கிறது. மெல்லும்போது அந்த வேர் வழியாக எலும்புக்கு அழுத்தம் போகிறது. அந்த வேலை இருக்கும்வரைதான் எலும்பு தன் உயரத்தையும் அகலத்தையும் வைத்துக்கொள்ளும். பல்லை எடுத்துவிட்டால், `இங்கே இனி வேலை இல்லை' என்று அது கரையத் தொடங்கிவிடும்.

எவ்வளவு வேகமாக? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர ஆய்வாளர்கள் கடைவாய்ப் பற்களும் அவற்றுக்கு முந்தைய சிறு கடைவாய்ப் பற்களும் எடுக்கப்பட்ட இடங்களை ஓராண்டு தொடர்ந்து அளந்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 12 மாதங்களில் அந்த இடத்தின் எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடுகிறது.

இதை டெல்டா காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் நேரத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவருக்கு, குறுவை அறுவடைக்கு வருவதற்குள் எலும்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. தை பிறந்து சம்பா அறுத்து, பணம் வந்து, எல்லாச் செலவும் முடிந்து அவர் டாக்டரிடம் போகும்போது பாதியை நெருங்கியிருக்கும். முதலில் சாதாரணமாகச் செய்திருக்கக்கூடிய இம்ப்ளான்ட்டுக்கு இப்போது எலும்புத் தூள் வைத்து மேடு கட்ட வேண்டும். அது தனிச் செலவு. பணத்தை மிச்சம்பிடிக்கத் தள்ளிப்போட்டது, செலவைக் கூட்டிவிட்டது.

இன்னொரு பக்கம், வாய்க்குள் வரப்பு தகராறும் தொடங்கிவிடும். காலியான இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிரில் கடிக்க ஆளில்லாத மேல் பல், மெல்லக் கீழே இறங்கும். சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் பல் வைக்கப் போனால் போதுமான இடமே இருக்காது.

உடனே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்பதல்ல. எந்த டாக்டரிடமும் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே "இதுக்கப்புறம் இந்த இடத்துல என்ன வைக்கலாம், எப்ப வைக்கலாம்?" என்று கேட்டுவிட வேண்டும். பதில் `ஒன்றும் வேண்டாம்' என்றுகூட இருக்கலாம். அதற்குப் பிறகு வருவோம்.

பிடுங்கத்தான் வேண்டுமா?

"வேணாம் டாக்டர், ஒரேயடியா பிடுங்கிடுங்க. மறுபடி மறுபடி வரமுடியாது." கிராமத்திலிருந்து வரும் பெரியவர்கள் இப்படிக் கேட்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒவ்வொரு முறை வருவதும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு. ஆனால், வேர் உறுதியாக இருக்கும் பல்லை எடுத்துவிட்டு அதற்கு மாற்று தேடுவது, நல்ல பம்ப்செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது போன்றது.

சொத்தை மேலாக இருந்தால் அடைப்பதோடு முடிந்தது. நரம்பு வரை போயிருந்தால் ரூட் கெனால். உள்ளிருக்கும் கெட்டுப்போன திசுவை எடுத்துச் சுத்தம் செய்து, வேரின் குழாயை அடைத்துவிடுவார்கள். பல் அதே இடத்தில் நிற்கும், எலும்பும் நிற்கும். இதில் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு, வலி நின்றதும் கேப் போடாமல் விட்டுவிடுவது. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் ஏற்கெனவே சொத்தையாலும் சிகிச்சையாலும் உள்ளே குடையப்பட்டது. மூடி போட்டுச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு பாக்குத் துண்டோ, சோற்றில் கிடக்கும் கல்லோ போதும், இரண்டாகப் பிளந்துவிடும். வேர் வரை பிளந்த பல்லைக் காப்பாற்ற வழியில்லை. ரூட் கெனாலுக்குச் செலவழித்ததும் அதோடு போச்சு.

பாதி உடைந்த பல்லையும் எடுக்க வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை. வேர் நன்றாக இருந்தால், அதற்குள் சிறு கம்பி போன்ற தண்டை இறக்கி, மேலே பல் நிறப் பொருளால் கட்டி, கேப் போட்டுவிடலாம்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. விளையாடும்போது விழுந்து நிரந்தர முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டால், அதைத் தூக்கி எறிய வேண்டாம். வேர்ப் பகுதியைத் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு சில நொடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழிக்குள் வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்ந்தால் அதே பல்லை மீண்டும் பொருத்திக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது பொருந்தாது. அதை மீண்டும் வைத்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல் கெடும்.

எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டியதில்லை

ஞானப்பல்லை எடுத்தவருக்கு மாற்றுப் பல் தேவையில்லை. அதற்கு முந்தைய கடைசிக் கடைவாய்ப் பல் போனால்கூட, மற்றவை உறுதியாக இருந்தால் பலருக்கு வேலை ஓடும். நெதர்லாந்தின் பேராசிரியர் கைசர் 1981-லேயே இதை ஆராய்ந்து எழுதினார். முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களுமாக, மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய 20 பற்கள் சரியாகக் கடித்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டில் குறையிருக்காது என்பது அவர் கருத்து. ஜப்பான் 1989-ல் தொடங்கிய `8020' இயக்கமும் இதே 20-ஐத்தான் பிடித்துக்கொண்டது. 80 வயதிலும் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

எனவே, ஒரு பல் போனதுமே `உடனே இம்ப்ளான்ட் வைக்காவிட்டால் முகமே மாறிவிடும்' என்று யாராவது பயமுறுத்தினால், எழுந்து வந்து இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ஆனால் முதல் கடைவாய்ப் பல்லை அலட்சியம் செய்ய முடியாது. 6 வயதில் முளைக்கும் அந்தப் பல்தான் மெல்லும் வேலையில் பெரும் பகுதியைச் செய்கிறது. சொத்தைக்கும் முதலில் பலியாவது அதுவே. பால் பல் என்று நினைத்துப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்.

கழற்றி மாட்டுவதா, பாலம் கட்டுவதா, திருகு வைப்பதா?

ஒன்றிரண்டு பல் போனவருக்கு மூன்று வழிகள். கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல்செட் இருப்பதிலேயே மலிவு. சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆனால் அது ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறது. உலோகச் சட்டத்தில் செய்வது கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும், மெலிதாக, உறுதியாக, பக்கத்துப் பற்களின் மேல் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். `வளையும் பல்செட்' பார்க்க அழகு. கம்பி தெரியாது. ஆனால் எலும்பு கரைந்து லூஸாகும்போது, அக்ரிலிக் போல அடிப்பக்கம் பூசி எளிதில் சரிசெய்ய முடியாது. கடைவாய்க்கு நீண்ட காலம் வைத்துக்கொள்ள அது உகந்ததல்ல.

பிரிட்ஜ் என்பது பெயருக்கேற்ற பாலம். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை பாலம் பார்த்துப் பழகிய ஊருக்கு விளக்கவே வேண்டாம். இரு கரையும் உறுதியாக இருந்தால்தான் நடுவில் தொங்கும். இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கி, கேப் போட்டு, நடுவில் பொய்ப்பல்லைச் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டிவிடுவார்கள். இரண்டு, மூன்று முறை போனால் வேலை முடியும். அறுவை சிகிச்சை இல்லை. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ ரூட் கெனாலோ இருந்தால் இதுதான் நல்ல யோசனை, ஏனெனில் அவற்றுக்கு எப்படியும் கேப் வேண்டும். பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதில்லாமல் இருக்க, அவற்றைச் செதுக்குவதுதான் இதன் விலை. செதுக்கியது திரும்ப வளராது. பாலத்துக்கு அடியில் சோறு தங்கும். அதற்கென உள்ள நூலையோ சின்ன பிரஷ்ஷையோ தினமும் விட்டு எடுக்காவிட்டால், ஒரு கரைப் பல் சொத்தையாகி மொத்தப் பாலமும் விழும்.

மூன்றாவது இம்ப்ளான்ட். டைட்டானியம் திருகை எலும்புக்குள் இறக்கி, அது எலும்போடு ஒட்டிப் பிணைந்த பிறகு மேலே பல்லைப் பொருத்துவது. ஸ்வீடன் டாக்டர் பிரான்மார்க், 1952-ல் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றை வைத்தார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. அந்த எரிச்சலிலிருந்துதான் இந்தச் சிகிச்சை பிறந்தது. 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் வைத்தார். 2006-ல் லார்சன் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகள் அவர் வாயில் இருந்தன.

பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம், எலும்பும் ஓரளவு நிலைக்கும் என்பதால் ஒற்றைப் பல் போன இளைஞர்களுக்கு இது நல்ல தீர்வு. ஆனால் ஒரு பல்லுக்கே இருபதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். பெரும்பாலும் திருகு வைத்த பின் 3 முதல் 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால், பீடி, சிகரெட் விடவில்லை என்றால் தோல்விக்கான வாய்ப்பு கூடும். 3 மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்க்காமல் திருகு வைக்கத் தயாராகும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கொரு ஊசியோ, வாரம் ஒரு மாத்திரையோ எடுக்கும் அம்மாக்கள் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளால், அரிதாக, தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

சீவாளியும் முன்பல்லும்

டெல்டாவுக்கே உரிய ஒரு கவலை இது. ஆடுதுறை பக்கம் இருக்கும் நரசிங்கம்பேட்டையின் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாசிப்பவர்களின் பல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீவாளியை உதடுகள் பிடிக்கின்றன என்றாலும், உதட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பது முன்பற்கள்தான். மேல் முன்பல் இரண்டு போய், கழற்றி மாட்டும் பல்செட் போட்டால், முழு மூச்சில் ஊதும்போது அது அசையும். பிழைப்பே மூச்சில் இருப்பவருக்கு, கொஞ்சம் கடன்பட்டாவது நிலையான பல் வைப்பதுதான் நியாயம். ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்க்கும் நாளில் சீவாளியைக் கையோடு கொண்டுபோய், வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. முன்பல்லின் நீளம் சற்றே மாறினாலும் பழகிய பிடி மாறிவிடும்.

பேச்சுக்கும் இதே கணக்குதான். தமிழில் `த', `ந' இரண்டுக்கும் நாக்கு மேல் பல்லின் அடியைத் தொட வேண்டும். `வ'வுக்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலே இதைச் சொல்லிவிட்டது. முன்பல் இல்லாத தாத்தா `தண்ணி' என்பது வேறெதுவாகவோ கேட்பதற்குக் காரணம் இதுதான். புதுப் பல்செட் போட்டவர் முதல் வாரம் தினத்தந்தியைச் சத்தம்போட்டுப் படித்தால் நாக்கு பழகிவிடும்.

எல்லாப் பல்லும் போனவருக்கு

"செட்டு கட்டினேன் தம்பி, போட முடியல. டப்பாவுல கிடக்கு." டெல்டாவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். குற்றம் பெரும்பாலும் கீழ் செட்டில்தான். மேல் செட், அண்ணம் முழுவதும் படர்ந்து, எச்சிலின் மெல்லிய படலத்தால் ஒட்டிக்கொள்ளும். கீழே அந்த இடம் இல்லை. நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, முழுப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதியபடி, கீழ்த் தாடை மேடு மேல் தாடையைப்போல ஏறக்குறைய 4 மடங்கு கரைகிறது. பல் போய்ப் பத்து வருடம் கழித்து வருபவருக்கு செட் நிற்க மேடே இருப்பதில்லை. இங்கேயும் தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு.

முழு செட்டால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். இதை முதலிலேயே சொல்லாததால்தான் பல செட்கள் டப்பாவுக்குப் போகின்றன. `பல்லு இருக்கிறவன் பக்கோடா திங்கிறான்' என்ற ஏக்கத்தோடு வருபவரிடம், முதல் மாதம் இட்லி, இடியாப்பம், பிறகு சின்னத் துண்டாக்கிய காய், இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மாம்பழத்தை முன்பல்லால் கடித்து இழுத்தால் செட் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கத்தியால் அரிந்துதான் சாப்பிட வேண்டும். மனசுக்கு வருத்தம்தான்.

முறையாகச் செய்தால் 5 முறை போக வேண்டியிருக்கும். இரண்டு முறை அளவெடுப்பு, ஒரு முறை கடி பார்ப்பது, ஒரு முறை மெழுகில் பல் நட்டுப் பொருத்திப் பார்ப்பது, பிறகு கையில் கொடுப்பது. நான்காவது நாள்தான் முக்கியம். அன்று மகளையோ மருமகளையோ அழைத்துப்போங்கள். பல் நிறம், நீளம், சிரிக்கும்போது தெரியும் அளவு, எல்லாவற்றையும் அன்றைக்கு மாற்றலாம். செட் கெட்டியான பிறகு மாற்ற முடியாது. `ஒரே நாளில் பல்செட்' என்ற போர்டு எந்த வேலையைத் தவிர்க்கிறது என்று இப்போது புரியும்.

கீழ் செட் நிற்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தேர்வாக அதைத்தான் சொன்னார்கள். கீழ்த் தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டை அதன் மேல் சட்டைப் பொத்தான்போல டிக்கென்று மாட்டுவது. வாய் முழுக்கத் திருகு வைக்கும் செலவில் இது சிறு பங்கு. எலும்பு ஓரளவு இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நிறைய இடங்களில் தாமாகச் சொல்வதில்லை.

செட் கட்டியவர் இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். பற்பசையும் வேண்டாம், தேய்த்துக் கீறும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு கழுவினால், கை தவறினாலும் உடையாது. ராத்திரியும் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவந்துபோகும்.

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால்...

இந்த ஊரில் பல்லைப் பற்றிப் பேசிவிட்டு வெற்றிலையை விட்டால் கதை பாதிதான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலைப் பக்கக் கொடிக்கால்களுக்குப் பெருமைதான். வெற்றிலை மேல் தப்பில்லை. அதற்குள் மடிக்கும் சீவலும் புகையிலையும்தான் பிரச்னை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

பல்செட் கணக்கில் இது எங்கே வருகிறது? பாக்கு தொடர்ந்து மெல்லும் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்க்கட்டாக இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு விரலோடு நின்றால் உடனே காட்ட வேண்டும். அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாத வாய்க்கு எந்தப் பல்லை வைப்பது? மேலும், பல்லில் காவியும் காரையும் படியப் படிய ஈறு இறங்கும். சொத்தையே இல்லாத பல்கூட ஆடி விழும். ஈறைச் சரிசெய்யாமல் அதன் பக்கத்தில் வைக்கும் பாலமோ திருகோ நிலைக்காது.

பல் போன அப்பாயிகள் சின்ன உரலில் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொள்வது டெல்டாவின் பழகிய காட்சி. இடித்தாலும் பாக்கு பாக்குதான். வாயில் இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எது இருந்தாலும் `பல்செட் உரசிய புண்' என்று விட்டுவிடக் கூடாது. செட்டை ஒரு வாரம் கழற்றிவைத்தும் ஆறவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாரிடம் போவது?

தமிழ்நாட்டுப் பழைய நகரங்களில் `சைனீஸ் டென்டிஸ்ட்' போர்டு பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. படிப்பு இல்லாமல் பரம்பரைத் தொழிலாகப் பல் கட்டியவர்களில் அனுபவசாலிகளையும் பதிவுசெய்துகொள்ள 1948-ம் வருட பல் மருத்துவர் சட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவுபெற்றவர் மட்டுமே வாயில் கை வைக்கலாம். செட், பாலம் ஆகியவற்றுக்கென்றே எம்.டி.எஸ். படித்த செயற்கைப் பல் நிபுணர்களும் இருக்கிறார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் பக்கத்துப் பல்லோடு அக்ரிலிக்கைக் குழைத்து ஒட்டி, `ஃபிக்ஸட் பல்' என்று சில நூறு ரூபாய்க்கு வைத்துவிடுபவர்களிடம் போனால், அதன் அடியில் ஈறு அழுகி, நல்ல பல்லும் சேர்ந்தே போகும்.

சுத்தத்தில் சமாதானமே கூடாது. 2022, 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற சிலருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மூளை வரை பரவி 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, ஏற்கெனவே திறந்து பயன்படுத்திக்கொண்டிருந்த சலைன் பாட்டிலில் அந்தக் கிருமியைக் கண்டதாகச் சொல்கிறது. நெல் வயலின் சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமி அது. டெல்டாக்காரர்கள் இதைத் தூரத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. நாற்காலியில் உட்காரும்போது "கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணதுதானே? புது பாட்டில்தானே?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சீல் வைத்த உறையை உங்கள் முன் பிரிப்பவர்தான் நல்ல டாக்டர்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் தனியார் கிளினிக் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே வீடு திரும்ப வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம் அண்ணாமலை நகர், புதுக்கோட்டை ஆகிய மூன்று இடங்களில் இருக்கின்றன. புதுக்கோட்டைக் கல்லூரி 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு அதுதான் பக்கம். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியாக பஸ் போகிறது. மயிலாடுதுறை, சீர்காழிக்காரர்களுக்குக் கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும், செலவு தனியாரைவிட வெகு குறைவு. பிடுங்குவதற்கும், புண்ணைக் காட்டுவதற்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேரளத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு `மந்தஹாசம்' என்ற பெயரில் அரசே இலவசமாகப் பல்செட் கட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்தல் அறிக்கைகளை எழுதுபவர்கள் அதை ஒருமுறை படித்துப்பார்க்கலாம்.

போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு, டப்பாவில் கிடக்கும் பழைய செட். போடாத செட் என்றாலும் எங்கே உரசியது, எங்கே தூக்கியது என்பதை டாக்டர் அதிலிருந்தே படித்துக்கொள்வார். 5 நடை போக வேண்டிய முழு செட்டுக்கு, நடவு முடிந்து களையெடுப்புக்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் வசதியாக இருக்கும்.